கெயர் ஹார்டி: பீடிச் சங்க வகுப்புக்கு அரைமணி நேரம். எதைச் சொல்ல, எதை விட?

ஆற்றங்கரை கேட்டது:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும்.

முக்கூடல் பக்கம் பீடித் தொழிலாளர்களுக்கான வகுப்பில் கெயர் ஹார்டியைப் பற்றி அரைமணி நேரம் பேசணும். நாற்பது பேர் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். மடியில் பீடித்தட்டோடுதான் உட்காருவார்கள். கை ஓடிக்கொண்டே இருக்கும், காது மட்டும் நமக்கு.

சுரங்கத்தில் வேலை பார்த்தவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார், லேபர் கட்சிக்கு அடித்தளம் போட்டார் என்கிற அளவுக்குத் தெரியும். கேள்விகள் இவை:

1. அவர்தான் முதல் தொழிலாளி எம்.பி. என்று சொல்லலாமா?
2. அந்தக் காலத்தில் எம்.பி.க்குச் சம்பளம் கிடையாதாமே, பிழைப்பு எப்படி ஓடியது?
3. இதைக் கேட்டதும் யாராவது ஒரு அக்கா, “நம்மள்ல ஒருத்தி நிக்கணும்னா எவ்வளவு ஆகும்?” என்று கேட்பது உறுதி. சட்டப்படி சரியான பதில் வேண்டும்.

---

பொதிகைச்சாரல்:

உங்க ரெண்டாவது கேள்விதான் மொத்தப் பேச்சும். பிறந்தார், வளர்ந்தார், மறைந்தார் என்று வரிசையாகப் போனால் பத்தாவது நிமிடத்தில் பீடிக்கட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். “சபையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இவருக்குச் சோறு போட்டது யார்?” என்பதைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஹார்டியின் அரசியலே அதற்குள் இருக்கிறது.

தொடக்கம் சுருக்கமாக. பிறந்தது 1856 ஆகஸ்ட் 15, ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர். (தேதியைச் சொன்னாலே கூட்டம் சிரிக்கும், மறக்காது.) அம்மா மேரி கெயர் வீட்டு வேலை செய்தவர். வளர்ப்பு அப்பா டேவிட் ஹார்டி கப்பல் தச்சர். பள்ளிக்கூட வாசனை கிடையாது. ஏழு எட்டு வயதில் கிளாஸ்கோவில் எடுபிடி வேலை, பத்து வயதில் சுரங்கம்.

சுரங்கத்தில் சிறுவனுக்கு என்ன வேலை என்பதை விளக்குங்கள், அது நம்ம ஆட்களுக்கு உடனே பிடிபடும். பூமிக்கு அடியில் காற்று ஒரே திசையில் ஓடினால்தான் விஷவாயு தேங்காது. அதற்காக வழிகளில் மரக்கதவு போட்டிருப்பார்கள். நிலக்கரி வண்டி வரும்போது கதவைத் திறக்கணும், போனதும் மூடணும். பத்து மணி நேரம், கும்மிருட்டில், தனியாக. பையன் தூங்கி கதவு திறந்தே கிடந்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து. அந்தப் பொறுப்பு பத்து வயதுப் பிள்ளையின் தலையில்.

பிறகு குதிரை வண்டி ஓட்டி, அதன் பிறகு கரி வெட்டுகிற ஆள். படிக்க வீட்டில் கற்றார், எழுத வளர்ந்த பிறகுதான் பழகினார். விளக்குக் கரி பூசிய கல்லில் ஊசியால் கீறிச் சுருக்கெழுத்து பழகினார் என்பார்கள். தொழிலாளர்களுக்காகப் பேச ஆரம்பித்ததும் முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது, தம்பிகளுக்கும் சேர்த்து வேலை போனது. அங்கிருந்து சங்க வேலை, பத்திரிகை எழுத்து.

இனி பணம். 1886இல் ஏர்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கச் செயலாளர், ஆண்டுக்கு 75 பவுண்டு சம்பளம். 1888இல் மிட் லானார்க் இடைத்தேர்தல். லிபரல் கட்சி இவருக்கு இடம் தரவில்லை, தனியாக நின்றார். விலகிக்கொண்டால் அடுத்த பொதுத்தேர்தலில் ஒரு தொகுதியும் ஆண்டுக்கு 300 பவுண்டும் தருகிறோம் என்று பேரம் வந்தது. வாங்கிய சம்பளத்துக்கு நாலு மடங்கு. மறுத்துவிட்டு நின்றார், கிடைத்த வாக்கு 617, கடைசி இடம். பேச்சை இந்த இடத்தில் ஆரம்பியுங்கள் என்பது என் கருத்து. எந்தத் தலைவர் கதையிலும் இருக்கிற ஏழைப் பிறப்பைவிட இந்த 617க்கு எடை அதிகம்.

இன்னொன்று. நம்ம ஊரில் ‘பவுண்டு’ என்றால் சும்மா கேட்டுக்கொள்வார்கள், ‘பவுன்’ என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். அன்றைய ஒரு பவுண்டுக் காசு என்பது சவரன், 22 காரட், 8 கிராமுக்கு ஒரு நூல் குறைவு. அதனால் “வருசத்துக்கு 75 பவுன் வாங்கினவருக்கு 300 பவுன் தாரேன்னாங்க” என்று தாராளமாகச் சொல்லலாம். இன்றைய தங்க விலையால் பெருக்கி லட்சத்தில் மட்டும் சொல்லாதீர்கள். அன்று அதற்குக் கிடைத்த அரிசி பருப்பு வேறு.

1892இல் லண்டன் கிழக்கில் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி: ஹார்டி 5,268, எதிராளி 4,036. சபைக்குள் போயாச்சு, சம்பளம் சல்லிக்காசு இல்லை. பத்திரிகையில் எழுதியும் கூட்டங்களில் பேசியும்தான் குடும்பம் நடந்தது. இந்தத் தேர்தலுக்கு எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 100 பவுண்டு கொடுத்திருந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. ஹார்டி அதே 100 பவுண்டை அந்தத் தொழிலாளர்களுக்கு அனுப்பினார். இதை விட்டுவிடாதீர்கள்.

---

பேட்டை ஏட்டுப்பூச்சி:

பொதிகைச்சாரல் சொன்னது சரி. மேடையில் வழக்கமாகத் தப்பாகப் போகிற நாலைந்து இடத்தை மட்டும் குறிக்கிறேன்.

‘முதல் தொழிலாளி எம்.பி.’ தப்பு. 1874லேயே தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மெக்டொனால்டு என்று இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள் சபைக்குப் போய்விட்டார்கள். ஆனால் லிபரல் கட்சியின் நிழலில். பெரிய கட்சிகளின் தயவில்லாமல் தொழிலாளர் பிரதிநிதியாகவே தனித்து நின்று போனவர் என்பதுதான் ஹார்டியின் தனித்தன்மை. இந்த வேறுபாட்டை எடுத்துவிட்டால் 617 வாக்குக்கும் அர்த்தமில்லை.

‘லேபர் கட்சியை நிறுவினார்’ என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாது. 1893 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1895 தேர்தலில் அது 28 பேரை நிறுத்தி 28 பேரும் தோற்றார்கள், ஹார்டியும் அதில் ஒருவர். ஏன்? சோஷலிசம் பேசுகிறவர்கள் இருந்தார்கள், சங்கங்களின் பணமும் ஆளும் இல்லை. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் 1900 பிப்ரவரியில் லண்டனில் கூடிய தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு. சங்கங்கள் உள்ளே வந்தன. 1906இல் 29 இடம், அதன் பிறகுதான் ‘லேபர் கட்சி’ என்ற பெயர். கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவராக ஹார்டி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தேர்வானார். சொந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. நிர்வாகத்தில் பொறுமை குறைவு, தனியாவர்த்தனம் அதிகம். அதையும் சொல்லுங்கள், சாமியாக்க வேண்டாம்.

தொப்பி. ‘துணித் தொப்பி போட்டுக்கொண்டு சபைக்குப் போனார்’ என்பது பரவிவிட்ட படம். மற்றவர்கள் கறுப்பு நீள்கோட்டும் உயரப் பட்டுத்தொப்பியுமாக வந்த இடத்தில் இவர் முரட்டுக் கம்பளி உடுப்பும், முன்னும் பின்னும் மடிப்பு வைத்த வேட்டைக்காரத் தொப்பியுமாகப் போனார். துணித் தொப்பி பின்னால் ஒட்டிய கதை.

1894. ஜூன் 23 அன்று தெற்கு வேல்ஸில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஆண் குழந்தை. சபை குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. செத்தவர்களுக்கு ஒரு இரங்கல் வரி சேருங்கள் என்று ஹார்டி கேட்டார், மறுத்தார்கள். ஜூன் 28இல் வாழ்த்தை எதிர்த்துத் தனி ஆளாகப் பேசினார், சபை கூச்சல் போட்டது. சில புத்தகங்களில் 251 என்று இருக்கும், 290 என்பதே சரியான கணக்கு. அடுத்த ஆண்டு வெஸ்ட் ஹாம் கைவிட்டுப் போனது. 1900இல் அவரைத் திரும்ப அனுப்பியது, அதே தெற்கு வேல்ஸ் சுரங்கப் பகுதியின் மெர்தர் டிட்வில்.

மெர்தர் இரட்டை உறுப்பினர் தொகுதி. நம்ம நாட்டிலும் 1950களில் இருந்ததே, அதுபோல வாக்காளருக்கு இரண்டு வாக்கு. முதலாவதாக வந்தவர் டி.ஏ. தாமஸ், 8,598. இரண்டாவது ஹார்டி, 5,745. தாமஸ் யார் தெரியுமா? சுரங்க முதலாளி. அதே வாக்காளர்கள் ஒரு வாக்கை முதலாளிக்கும் இன்னொன்றைத் தொழிலாளிக்கும் போட்டிருக்கிறார்கள். “அதெப்படி?” என்று கூட்டத்தில் கேள்வி வரும், வரட்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமா என்ன.

கடைசியாக நம்ம பக்கத்து ஆசை ஒன்று. ஹார்டி 1907இல் இந்தியா வந்தார், வங்காளத்தில் சுற்றினார், லண்டன் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அடுத்து 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 13இல் திருநெல்வேலி எழுச்சி. காலம் அடுத்தடுத்து என்று சொல்லலாம். அவர் பேச்சைக் கேட்டுத்தான் வ.உ.சி. மில் வாசலுக்குப் போனார் என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

---

ஆற்றங்கரை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ரெண்டு பேரும் சொன்னதை வைத்தே இருபது நிமிடம் ஓடும். பெண்கள்தான் கூட்டம் என்பதால் ஒரு கேள்வி: ஹார்டிக்கு ஓட்டுப் போட்டது யார்? அப்புறம், பீடியோடு ஒப்பிட சுரங்கத்தில் ஏதாவது கிடைக்குமா?

---

தட்டும் கத்திரியும்:

பெண் ஒருத்திகூடப் போடவில்லை தம்பி. அந்த 5,268ம் ஆண்கள். ஆண்களிலும் எல்லோருக்கும் கிடையாது. 1884 சட்டப்படி தனிக்குடித்தனமாக வீடு வைத்திருக்கணும், அல்லது ஆண்டுக்கு 10 பவுண்டு பெறுமான வாடகை அறை இருக்கணும், அதுவும் 12 மாதம் ஒரே இடத்தில். வேலை தேடி ஊர் மாறினால் பெயர் போச்சு. வறுமைக்கென்று அரசு உதவி வாங்கியிருந்தாலும் பெயர் போச்சு. ‘வேலையில்லாதவர்களின் உறுப்பினர்’ என்று ஹார்டிக்குப் பட்டப்பெயர். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் பலருக்கு அவருக்குப் போட ஓட்டே இல்லை. பெண்கள் வாக்குரிமைக்காகச் சொந்தக் கட்சி முணுமுணுத்தபோதும் நின்றவர். 1915 செப்டம்பர் 26இல் இறந்தார். பிரிட்டனில் 30 வயதான பெண்களுக்கு ஓட்டு வந்தது 1918, ஆண்களுக்குச் சமமாக 1928.

ஒப்பீடு கேட்டீங்களே, எடைதான். கரி வெட்டுகிறவருக்குக் கூலி டன் கணக்கு. வெட்டி நிரப்பிய தொட்டியில் தன் அடையாள வில்லையை மாட்டி மேலே அனுப்புவார். மேலே கம்பெனி ஆள் எடை போடுவார். கல் கலந்திருக்கு, எடை குறைவு என்று கழித்துவிட்டால் கீழே இருக்கிறவருக்குத் தெரியாது. அதனால் தொழிலாளர்கள் தங்கள் காசில் ஒரு எடைப் பார்வையாளரை வைத்துக்கொள்ள 1860இல் சட்டம் வந்தது. முதலாளிகள் அந்த ஆளையே வேலையை விட்டு நீக்கினார்கள். 1887 சட்டம்தான் அந்த உரிமையைக் கெட்டிப்படுத்தியது. சங்கத் தலைவர்கள் பலர் இந்த வேலையிலிருந்து வந்தவர்கள். கூலி கொடுப்பது தொழிலாளிகள் என்பதால் கம்பெனிக்குப் பயப்பட வேண்டாம், கணக்கும் கைவரும்.

நம்ம பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று எடை போட்டுத் தருவார்கள். இலை பழுதாக இருந்தால் ஆயிரம் தேறாது, கைக்காசு போட்டு இலை வாங்கி நிரப்பணும். கொண்டுபோய்க் கொடுத்தால் கழிவு என்று ஒரு பிடி ஒதுக்குவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. எடையை யார் பார்க்கிறது, கழிவை யார் தீர்மானிக்கிறது? இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துங்க. அவங்களே பேசுவாங்க.

---

கொக்கிரகுளம்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மக்களவைக்கு நிற்க 25 வயது நிரம்பியிருக்கணும், ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராக இருக்கணும். வைப்புத்தொகை ரூ.25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.12,500. சட்டமன்றத்துக்கு ரூ.10,000, ரூ.5,000. பணமாகவோ கருவூலச் செலானாகவோ கட்டணும், காசோலை செல்லாது. செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். செல்லத்தக்க வாக்கு 10 லட்சம் என்றால் 1,66,667 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

(ஹார்டி காலத்தில் வைப்புத்தொகை இல்லை. அதைவிட மோசம்: வாக்குச்சாவடி, அலுவலர் செலவையே வேட்பாளர்கள் பங்கு போட்டுக் கட்டணும். 1918இல்தான் அது மாறி 150 பவுண்டு வைப்புத்தொகை வந்தது.)

வேட்புமனு படிவம் 2ஏ. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தினால் முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் பத்துப் பேர், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளராகவே இருக்கணும். சுயேச்சைகள் அடிபடுவது இங்கேதான். மாவட்டத்தை வைத்து ஆள் பிடிப்பார்கள். ஆலங்குளம் தென்காசி மாவட்டம், ஆனால் திருநெல்வேலி மக்களவைத் தொகுதி. வாக்காளர் பட்டியலைத் திறந்து பாகம் எண், வரிசை எண் பாருங்கள், ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். பத்தில் ஒருவர் செல்லாவிட்டாலும் அந்த மனு முழுசும் போச்சு. ஒருவர் நாலு மனு வரை போடலாம், வைப்புத்தொகை ஒன்றுதான். ஆகவே வேறு வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுவாவது போடுவது புத்தி. கைநாட்டு வைக்கிறவர் முன்மொழிந்தால் வீட்டில் வைத்து உருட்டிக்கொண்டு வரக்கூடாது. தேர்தல் அலுவலர் அல்லது அவர் அனுமதித்த அதிகாரி முன்னால் வைக்கணும். மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுத்துவிடணும், மறுநாள் பார்க்கலாம் என்று போய்விட்டால் அதுவே தலைவலி.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. இல்லாததற்கு ‘இல்லை’ என்றே எழுதணும். கணவர் சொத்து, கழுத்தில் காதில் கிடக்கிற நகையின் எடை, வங்கியில் அடகு இருக்கிற நகைக்கடன், மகளிர் குழுக் கடன் எல்லாம் வரணும். அலுவலர் சுட்டிக்காட்டியும் காலியாக விட்டால் மனு தள்ளுபடி ஆகும்.

மனுவுக்கு ஒரு நாள் முன்னாடியாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. மக்களவைச் செலவு வரம்பு நம்ம மாநிலத்தில் ரூ.95 லட்சம், சட்டமன்றம் ரூ.40 லட்சம். வரம்பைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை. கணக்கு எழுதுவதுதான் கட்டாயம்: அன்றாடக் கணக்கு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்பில், வங்கி மஞ்சளில். ஒரே ஆளுக்கு மொத்தத்தில் ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு. ‘தோத்துட்டோம், டெபாசிட்டும் போச்சு, இனி என்ன’ என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்று வருசத் தகுதியிழப்பு நோட்டீஸ் பிறகு வரும். செலவே பண்ணாவிட்டாலும் கணக்குக் கொடுக்கணும்.

ஜெயித்தால் சம்பளம் உண்டு. 1954 சட்டப்படி மாதம் 400 ரூபாயும், சபை நாள்களுக்கு 21 ரூபாய் படியும். இப்போது 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு மாதம் ரூ.1,24,000.

---

பொதிகைச்சாரல்:

கொக்கிரகுளம் சம்பளத்தைத் தொட்டதால் என் கதையின் பிற்பாதியை முடித்துவிடுகிறேன்.

தொழிலாளர் எம்.பி.க்களுக்குச் சங்கங்களே சம்பளம் போட முடிவானது 1903இல். உறுப்பினர் தலைக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி, அதிலிருந்து எம்.பி.க்கு 200 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, ஆகவே ஒரு எம்.பி.யைத் தாங்க 48,000 பேர் வேண்டும். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இதில் கை வைத்தது நீதிமன்றம். முதலில் 1901 டாஃப் வேல் தீர்ப்பு: வேலைநிறுத்த நஷ்டத்துக்கு ரயில்வே சங்கம் 23,000 பவுண்டு கட்டணும் என்றார்கள். சட்டம் இயற்றுகிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் சங்கப் பெட்டியே காலி என்று அன்றுதான் பல சங்கங்களுக்கு உறைத்தது, 29 இடம் வந்ததற்கு அது பெரிய காரணம். 1906 சட்டம் அதைச் சரிசெய்தது. அடுத்தது 1909 ஆஸ்போர்ன் தீர்ப்பு. ரயில்வே சங்க உறுப்பினர் ஒருவரே வழக்குப் போட்டார். சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவழிக்கக்கூடாது என்று தீர்ப்பு. எம்.பி.க்களின் சம்பளம் அப்படியே நின்றது. அந்த நெருக்கடியில்தான் 1911இல் அரசே எம்.பி.க்கு ஆண்டுக்கு 400 பவுண்டு கொடுக்கத் தொடங்கியது. ஹார்டி சபைக்குள் நுழைந்து 19 ஆண்டு கழித்து.

---

ஆற்றங்கரை:

இது போதும் அண்ணாச்சி, இனி நேரத்துக்குள் அடக்குவதுதான் பாடு. ஒன்று மட்டும்: நம்ம சங்கமும் அப்படி ஆளுக்குக் கொஞ்சம் பிரித்து ஒருத்தியை நிறுத்தலாமா என்று கேட்டால்?

---

தட்டும் கத்திரியும்:

நிறுத்தலாம். ஆனால் சந்தாப் பெட்டியில் கை வைக்கக்கூடாது. ஆஸ்போர்ன் சண்டைக்குப் பிறகு 1913இல் பிரிட்டன் தனி அரசியல் நிதி என்று ஒரு வழி செய்தது, வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். நம்ம 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் அதே வழிதான், இன்னும் ஒரு படி கூட: பொது நிதி வேறு, அரசியல் நிதி வேறு, தனியாகப் பிரித்த பணம் மட்டும் அதில் சேரணும், யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, தராதவரைச் சங்கச் சலுகையிலிருந்து ஒதுக்கவும் கூடாது. அந்தப் பழைய சட்டம் இப்போது 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆகவே பிரிவு எண்ணைப் புதுச் சட்டத்தில் சரிபார்த்துவிட்டு மேடை ஏறுங்க.

நடைமுறையில் சந்தா ரசீதுப் புத்தகம் ஒன்று, அரசியல் நிதி ரசீதுப் புத்தகம் வேறு நிறத்தில் ஒன்று. ஒரே புத்தகத்தில் எழுதிவிட்டு வருசக் கடைசியில் பிரிக்கலாம் என்று நினைத்தால் தணிக்கையில் மாட்டும்.

முன்னுதாரணம் கேட்டால் பொன்மலை ரயில்வே தொழிலாளர் தலைவர் கே. ஆனந்த நம்பியாரைச் சொல்லுங்க. 1952இல் மாயூரம், 1962லும் 1967லும் திருச்சி. நம்ம திருநெல்வேலியிலேயே 1971இல் கம்யூனிஸ்ட் எஸ்.ஏ. முருகானந்தம். கம்யூனிஸ்ட் கட்சிகளில் எம்.பி. சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, கட்சி தருகிற படியை வாங்கிக்கொள்வது வழக்கம். ஹார்டி கதைக்கு நேர் எதிர்த் திசை அது; அங்கே சங்கம் எம்.பி.க்குக் கொடுத்தது, இங்கே எம்.பி. கட்சிக்குக் கொடுக்கிறார். அரைமணி நேரத்தில் இதுக்கு இடம் இருக்காது, கேள்வி வந்தால் மட்டும் எடுங்க.